ஐஓவின் இரைச்சலைப் பிடித்தது: நிபோங் திபாலில் ஒரு 20.1 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா

வியாழனுக்கும் அதன் துணைக்கோள் ஐஓவுக்கும் நடுவில் ஓடுகிற மின்னோட்டத்தின் சத்தத்தை, வீட்டு வயரிங் கம்பி, டிவி கேபிள், ஒரு சின்ன யூஎஸ்பி ரிசீவர் இவற்றை வைத்துக்கொண்டே பினாங்கு மாநிலத்திலிருந்து கேட்கலாம். தொலைநோக்கி வேண்டாம், மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. மின் இரைச்சல் குறைந்த இடமும் சரியான நேரமும் அமைந்துவிட்டால் மிக எளிய கருவியே போதும், இந்த இரண்டும் இல்லாமல் விலையுயர்ந்த கருவி வாங்குவது வீண் செலவு. நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்ட் பிரிவில் இருக்கிறேன். ஆன்டெனா நின்றது நிபோங் திபாலில், மாமா வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வெற்று நிலத்தில்.

கட்டிய விவரத்துக்குப் போகும் முன் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பியின் நீளத்திலிருந்து அலாரம் வைக்கும் நேரம் வரை எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. ஐஓவின் எரிமலைகளிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு அதற்கு ஒரு மெல்லிய வளிமண்டலத்தைத் தருகிறது. அதிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 1 டன் பொருள் தப்பித்துப் போய், அயனியாகி, வியாழனைச் சுற்றி ஒரு பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) வளையமாக நிற்கிறது. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுழல்கிறது, அதன் காந்தமண்டலமும் கூடவே சுழன்று இந்தப் பிளாஸ்மாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஐஓவின் பாதையில் பிளாஸ்மாவின் வேகம் வினாடிக்கு 74 கிலோமீட்டர், ஐஓவின் வேகமோ 17 கிலோமீட்டர்தான். ஆக, பிளாஸ்மா வினாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் ஐஓவைப் பின்னாலிருந்து வந்து மோதிக் கடந்து போகிறது.

ஐஓ வெறும் பாறையாக இருந்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அதற்கு ஓர் அயனிமண்டலம், அதாவது வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற ஒரு படலம், இருக்கிறது. 1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் ஐஓவுக்குப் பின்னால் மறைந்தபோது அதன் ரேடியோ சிக்னல் மாறிய விதத்திலிருந்து அதைக் கண்டுபிடித்தார்கள். கன சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரம் எலக்ட்ரான்கள் கொண்ட அந்தப் படலம் நல்ல கடத்தி. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஒரு கடத்தி நகர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளியில் படித்திருப்போம், அதே கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது: 57 கி.மீ. வேகம், ஐஓ இருக்கும் இடத்தில் சுமார் 2000 நானோடெஸ்லா காந்தப்புலம், 3640 கி.மீ. விட்டம், மூன்றையும் பெருக்கினால் 4 லட்சம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். அந்த மின்னழுத்தம் ஓட்டுகிற மின்னோட்டம் பல லட்சம் ஆம்பியர்களைத் தாண்டும்.

இந்த மின்னோட்டம் எப்படி வியாழன் வரை போகிறது என்பதை 1969-இல் கோல்ட்ரைக்கும் லிண்டன்-பெல்லும் ஒரு நேரடி மின்சுற்றாக விளக்கினார்கள்: ஐஓ ஜெனரேட்டர், காந்தப்புலக் கோடுகள் கம்பி, வியாழனின் அயனிமண்டலம் சுற்றை மூடும் இடம். நடப்பது அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. ஐஓவின் அயனிமண்டலம் ஓடிவரும் பிளாஸ்மாவை மெதுவாக்குகிறது, அதனால் காந்தப்புலக் கோடுகள் வளைகின்றன, அந்த வளைவு ஆல்வேன் அலையாக, அதாவது இழுத்துக் கட்டிய நாணில் ஓடும் அதிர்வுபோலப் புலக்கோடு வழியே ஓடும் அலையாக, வடக்கேயும் தெற்கேயும் பயணிக்கிறது. பிளாஸ்மா ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த அலைகள் இரண்டு சாய்ந்த இறக்கைகளாக ஐஓவிலிருந்து விரிகின்றன. அலை வியாழனை அடையச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஐஓவைத் தொட்ட புலக்கோடு முன்னால் போய்விட்டிருக்கும். வியாழனின் துருவப் பகுதியில் ஐஓவின் காலடித் தடம்போல ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறது, 1993-இல் அகச்சிவப்பில் பார்த்தார்கள், ஹப்பிள் புறஊதாவில் எடுத்த படங்களில் அதன் பின்னால் ஒரு வாலே நீண்டிருக்கும். எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு வந்ததே அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

நமக்கு வேண்டிய ரேடியோ அலை அந்த ஒளிப்புள்ளிக்குச் சற்று மேலே பிறக்கிறது. ஆல்வேன் அலை எலக்ட்ரான்களை முடுக்கிவிடுகிறது. அவை வியாழனை நோக்கிப் பாயும்போது காந்தப்புலம் வலுத்துக்கொண்டே போவதால் பல எலக்ட்ரான்கள் வழியிலேயே திரும்பி மேலே வருகின்றன, நேராகப் போனவை வளிமண்டலத்தில் விழுந்து காணாமல் போகின்றன. இப்படி ஒரு பகுதி மட்டும் குறைந்துபோன எலக்ட்ரான் கூட்டம் நிலையாக இருக்க முடியாமல் ரேடியோ அலையைப் பெருக்கி வெளியேற்றுகிறது, இதற்கு சைக்ளோட்ரான் மேசர் என்று பெயர். வெளிவரும் அலையின் அதிர்வெண் அந்த இடத்துக் காந்தப்புலத்தைப் பொறுத்தது, ஒரு காஸுக்கு (1 லட்சம் நானோடெஸ்லா) 2.8 மெகாஹெர்ட்ஸ். 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறோம் என்றால் சுமார் 7.2 காஸ் புலம் உள்ள இடத்தைக் கேட்கிறோம் என்று அர்த்தம். மேல் எல்லை 40 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. கீழ்ப்பக்கம் பூமியின் சொந்த அயனிமண்டலமே 10 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் கதவைச் சாத்திவிடும். நடுவில் 18 முதல் 22 வரை அமெச்சூர்களுக்கு வசதியான இடம். 1955-இல் பர்க், ஃபிராங்க்ளின் இருவரும் மேரிலாண்டில் முதன்முதலாக இதைப் பிடித்தது 22.2 மெகாஹெர்ட்ஸில். நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டத்துக்காரர்கள் பயன்படுத்துவது 20.1, நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

சரி, ஆன்டெனா. அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கைகள் கொண்ட நேர்க்கம்பி, மொத்தம் 7.1 மீட்டர், கைக்கு 3.55 மீட்டர். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 2.5 மில்லி வயரிங் கம்பி போதும். ஆனால் உறையோடு கூடிய கம்பியில் ஒத்ததிர்வு கொஞ்சம் கீழே இறங்கும், எனக்கு 19.6 மெகாஹெர்ட்ஸில் வந்தது. நானோ விஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் சின்னக் கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கையிலும் 9 சென்டிமீட்டர் குறைத்ததும் 20.1-க்கு வந்து உட்கார்ந்தது. நானோ விஎன்ஏ 50 ஓம் கருவி, டைபோலும் டிவி கேபிளும் 75 ஓம் பக்கம், அதனால் எஸ்டபிள்யூஆர் (பொருத்தமின்மையின் அளவு) 1.5-க்குக் கீழே இறங்கவில்லையே என்று யாரும் மெனக்கெட வேண்டாம், கேட்பதற்கு அது தாராளம்.

செயற்கைக்கோள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் மலிவு, 20 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 3 டெசிபல் அளவுதான் இழப்பு. ஒரே தொல்லை, அதன் வெளிப் பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது. சால்டரிங் அயர்னோடு போராடாமல் எஃப் கனெக்டர் மாட்டி, டைபோலின் நடுவில் ஒரு பிவிசி மூடிக்குள் எஃப் சாக்கெட் வைத்து, கம்பிகளைச் சாக்கெட்டின் பக்கத்தில் ஈயம் வைத்தேன். மழை இறங்காமல் சிலிகான் பூச்சு. கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவாகி வீட்டு இரைச்சலைச் சுமந்து வரும், அதைத் தடுக்க 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுச் சுற்றி ஆன்டெனா முனையில் ஒன்று, ரிசீவர் முனையில் ஒன்று. இந்த இரண்டு வளையங்களை யாரும் விட்டுவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உயரம் கால் அலை, அதாவது 3.7 மீட்டர், இரண்டு மூங்கில் கம்பம். இந்த உயரத்தில் டைபோல் தலைக்கு நேர் மேலே நன்றாகக் கேட்கும், நமக்கு அது எந்தளவு தோது என்பதைப் பாருங்கள். நிபோங் திபால் நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. வியாழன் வானத்தில் வடக்கே +23, தெற்கே −23 டிகிரி வரைதான் போகும். எந்த வருடம் ஆனாலும் உச்சத்தில் அது தலைக்கு மேலிருந்து 30 டிகிரிக்குள்தான் இருக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் வியாழன் தெற்கே போகும் வருடங்களில் அடிவானத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியை வடக்கு தெற்காகக் கட்டினேன். அப்போது ஆன்டெனாவின் அகன்ற பக்கம் கிழக்கிலிருந்து மேற்காக விழும், வியாழன் எழுந்து மறையும் பாதை அதற்குள்ளேயே அடங்கிவிடும், ராத்திரி எழுந்து எதையும் திருப்ப வேண்டிய வேலை இல்லை.

இனி இரைச்சல். நேரத்தில் பெரும்பகுதி போனது இதில்தான். ஷார்ட்வேவ் உள்ள ஒரு பேட்டரி டிரான்சிஸ்டரை 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். வாசல் எல்இடி விளக்கு, போன் சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர், எல்லாமே கத்துகின்றன. மெயின் சுவிட்சை அணைத்தால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போனபோது அத்தை, "ராத்திரி பூரா கரண்ட அடைச்சு வெச்சா ஃபிரிஜ்ல இருக்கிற மீனு என்னப்பா ஆவுறது" என்று கேட்டார், நியாயமான கேள்வி. விளக்கை மாற்றினோம், சார்ஜரை ராத்திரியில் பிடுங்கி வைத்தோம், அடாப்டர் வயரில் ஃபெரைட் மாட்டினோம், ஆன்டெனாவையே வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிக் கொண்டுபோனோம். ரிசீவரும் அங்கேதான், கித்தான் கொட்டகைக்குக் கீழே, மடிக்கணினி சொந்த பேட்டரியில், மற்றவை பழைய கார் பேட்டரியில். அதற்கப்புறமும் வினாடிக்கு ஒரு தடவை ஒரு டிக் சத்தம் மிச்சமிருந்தது. காட்டுப்பன்றிக்காகப் பக்கத்து நிலத்தில் போட்டிருக்கும் மின்வேலி அது. அதை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வருவதால் அதை யாரும் வியாழன் என்று நினைக்க மாட்டார்கள்.

என்னிடம் இருந்த யூஎஸ்பி ரிசீவர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3. அதில் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நேரடி சாம்ப்ளிங் முறையில்தான் கேட்க முடியும், சாம்ப்ளிங் வேகம் 28.8 மெகாஹெர்ட்ஸ். அப்படியானால் 14.4-க்கு மேலே இருப்பதெல்லாம் கீழே மடிந்து விழும். 20.1-ஐக் கேட்கும்போது 8.7 மெகாஹெர்ட்ஸில் இருப்பதும் சேர்ந்தே காதில் விழும், ராத்திரியில் 8.7 பக்கம் நடமாட்டம் அதிகம். வி4-இல் அதிர்வெண்ணை மேலே ஏற்றும் அமைப்பு உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. வி3 வைத்திருப்பவர்கள் 15 மெகாஹெர்ட்ஸ் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்று கட்டிக்கொண்டால் போதும்: வரிசையில் 330 பிகோஃபாரட், 100 பிகோஃபாரட், 330 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்கள், அவற்றின் இரண்டு சந்திப்புகளிலிருந்தும் தரைக்கு 330 நானோஹென்ரி காயில் ஒவ்வொன்று. 8.7-இல் 20 டெசிபலுக்கு மேல் அடக்கிவிடும், 20.1-இல் கால் டெசிபல் அளவுதான் இழப்பு. ஃபில்டருக்கு அப்புறம்தான் ஆம்ப்ளிஃபையர், மாற்றி வைத்தால் ஆம்ப்ளிஃபையரே திணறும். மென்பொருளில் ஏஜிசி (சிக்னல் அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி) கட்டாயம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் ஏறும்போதெல்லாம் அது தானே இறக்கிவிடும், வியாழன் வந்தாலும் தெரியாது.

எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வியாழனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, பால்வெளி இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸில் நம் பால்வெளியின் இரைச்சல் 50,000 கெல்வின் அளவுக்கு இருக்கும். ஆன்டெனாவைச் செருகியதும் இரைச்சல் தெளிவாக ஏற வேண்டும், பிடுங்கினால் இறங்க வேண்டும். அதோடு நாள் முழுக்கப் பதிவுசெய்தால் பால்வெளியின் அடர்ந்த பகுதி தலைக்கு மேல் வரும்போது கோடு மெதுவாக மேடாகும், அந்த மேடு ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக வரும். அந்த 4 நிமிட நகர்வு என் பதிவில் தெரிந்தபோது, இரைச்சல் விஷயத்தில் இனி செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று முடிவுசெய்தேன்.

இனி எப்போது கேட்பது. சைக்ளோட்ரான் மேசரின் அலை எல்லாத் திசையிலும் போகாது, உள்ளே வெற்றான ஓர் அகன்ற கூம்பின் சுவர் வழியாக மட்டும் போகும். அந்தச் சுவர் பூமியைத் தொட்டால்தான் நமக்குக் கேட்கும். ஐஓவின் நிலையைப் பொறுத்து இது மாறுகிறது என்று 1964-இல் பிக் என்ற ஆய்வாளர் கண்டுகொண்டார், காரணம் முழுதாகப் புரியும் முன்பே. ஐஓ வியாழனுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியிலிருந்து சுமார் 90 டிகிரியோ 240 டிகிரியோ நகர்ந்திருக்க வேண்டும், வியாழனின் குறிப்பிட்ட தீர்க்கரேகைப் பகுதியும் நம்மைப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்தச் சேர்க்கைகளுக்கு ஐஓ-ஏ, ஐஓ-பி, ஐஓ-சி என்று பெயர். உதாரணமாக ஐஓ-பி என்றால் ஐஓ 40 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். ரேடியோ ஜுப்பிட்டர் ப்ரோ என்ற மென்பொருள் இதையெல்லாம் கணக்கிட்டுத் தரும். கையாலும் போடலாம்: ஐஓ மணிக்கு 8.5 டிகிரி நகரும், வியாழன் 36.3 டிகிரி சுழலும். ஐஓவின் 4 சுற்று 7 நாளும் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவும். அதே சமயத்தில் வியாழன் 17 தடவை சுழன்று இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஆகவே ஒரு வாரம் நல்ல இரவு அமைந்தால், அடுத்த வாரம் அதே கிழமை கிட்டத்தட்ட 2 மணி நேரம் தள்ளி மறுபடி வாய்ப்பு உண்டு. தொழிற்சாலை ஷிப்ட் பார்ப்பவனுக்கு இது பெரிய உபகாரம்.

ஊரின் நேரமும் பார்க்க வேண்டும். 1982 முதல் நம் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுவதால், வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் நாள்களில்கூட அது உச்சிக்கு வருவது இரவு 1.20-ஐத் தாண்டி. 2026-இல் அந்த நிலை ஜனவரி 10-ஆம் தேதி வந்தது. அது பினாங்கில் மழையும் இடியும் குறைந்த மாதம் என்பது நம் அதிர்ஷ்டம், மின்னல் ஒவ்வொன்றும் இந்த அலைவரிசையில் வெடிக்கும். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே தாய்லாந்தின் தென்பகுதியில் போகிறது, அதனால் சூரியன் மறைந்த பின்னும் நம் மேல் அயனிமண்டலம் வெகுநேரம் கொந்தளித்துக்கொண்டிருக்கும், தூரத்து நிலையங்களும் கேட்கும். நள்ளிரவுக்கு மேல் அது வடிந்து அலைவரிசை காலியாகும். இரவு 1 மணியிலிருந்து 5 மணி வரைதான் என் நேரம்.

ஐஓ-பி கணிக்கப்பட்டிருந்த ஓர் இரவு, உச்சி கடந்து கொஞ்ச நேரத்தில், திரையில் பின்னணி முழுவதும் ஒரே நேரத்தில் வெளுத்தது. ஒரு நிலையம் என்றால் மெல்லிய கோடாகத் தெரியும், இது நான் பார்த்துக்கொண்டிருந்த 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் நிரப்பியது. சில வினாடிகளில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. இவை எல்-வெடிப்புகள் (நீண்டவை), இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வழியில் இருக்கும் சூரியக் காற்று. கொஞ்சம் கழித்து எஸ்-வெடிப்புகள் (மிகக் குறுகியவை) ஆரம்பித்தன, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி, அடுக்கடுக்காக. மாமாவை எழுப்பிக் கூட்டி வந்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு "எவ்வளவு தூரத்துல இருந்துடா வருது" என்று கேட்டார். ஒளிக்கே 35 நிமிடம் பிடிக்கிற தூரம். நாங்கள் கேட்டது 35 நிமிடத்துக்கு முன் நடந்தது.

கேட்டதோடு விடாமல் ஐக்யூ கோப்பாக, அதாவது ரிசீவர் தந்த சிக்னலை அப்படியே முழுதாக, பதிவுசெய்தது நல்லதாகப் போயிற்று. மறுநாள் அதை நேரத்தில் மிகவும் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எஸ்-வெடிப்பும் மேலிருந்து கீழாகச் சரியும் ஒரு கோடு. நான் அளந்தவற்றில் 2 மெகாஹெர்ட்ஸை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறது, அதாவது வினாடிக்கு 20 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். அதிர்வெண் குறைகிறது என்றால் காந்தப்புலம் குறைகிறது, அதாவது எலக்ட்ரான் கூட்டம் வியாழனை விட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும் எலக்ட்ரான்கள்தான் அலையை உண்டாக்குகின்றன என்று மேலே சொன்னேனே, அதற்கு இதுதான் சாட்சி. வியாழனின் புலம் தூரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எலக்ட்ரானின் வேகம் ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆற்றல் சில கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஆய்வாளர்கள் சொல்லும் எண்ணும் இதே அளவில்தான் இருக்கிறது. ஐஓவின் அயனிமண்டலம் உதைத்துவிட்ட எலக்ட்ரான் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை மூங்கிலில் கட்டிய கம்பியை வைத்து அளக்க முடிகிறது. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்.

அடுத்ததாக, இப்போதிருக்கும் டைபோலுக்குக் குறுக்கே இன்னொன்றைக் கிழக்கு மேற்காகக் கட்டப் போகிறேன். இரண்டில் ஒன்றின் கேபிளில் கால் அலை நீளம் கூடுதலாகச் சேர்த்தால், வலப்பக்கம் சுழலும் அலையையும் இடப்பக்கம் சுழலும் அலையையும் பிரிக்கலாம். நுரை உறை உள்ள ஆர்ஜி-6-இல் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.82 பங்கு என்று எடுத்துக்கொண்டால் அந்தத் துண்டின் நீளம் 3.06 மீட்டர். ஐஓ-ஏ, ஐஓ-பி இரண்டும் வியாழனின் வட அரைக்கோளத்திலிருந்து வருபவை, வலச்சுழற்சி. ஐஓ-சி தெற்கிலிருந்து வருவது, இடச்சுழற்சி. ஆல்வேன் இறக்கைகள் இரண்டில் எதன் முனையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது திரையிலேயே தெரியும். கேபிள் வாங்கியாயிற்று. நானோ விஎன்ஏவில் அதன் வேகத்தை அளந்துவிட்டு வெட்ட வேண்டியதுதான் பாக்கி.